பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு இன்னும் இரும்பு ராடு எதுக்கு?

#1 கோடெழுதி

வணக்கம். ரெண்டு மாசமா ராத்திரி ராத்திரி பெடல் ஸ்டீல் கிட்டார் வீடியோவாப் பார்த்துத் தள்ளிக்கிட்டிருக்கேன். மேசை மாதிரிப் படுத்திருக்கிற கிட்டார், இரும்புத் துண்டைக் கம்பி மேல சறுக்கி, காலால பெடல் மிதிச்சு வாசிக்கிறது. எனக்கு வாசிக்க வராது. அந்தச் சத்தம் உள்ளுக்குள்ள ஏதோ பண்ணுது, அவ்வளவுதான். போன வாரம் ஒருத்தர் அந்தப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடிவயித்தைக் காட்டினார். பகீர்னு ஆயிடுச்சு. பழைய டைப்ரைட்டரையும் சைக்கிள் பிரேக்கையும் ஒண்ணாக் கட்டி வெச்ச மாதிரி ராடு, கிராங்க், ஸ்பிரிங், நைலான் நட்டு. பெடலை மிதிச்சா ராடு இழுக்குது, ராடு இழுத்தா கம்பி விறைக்குது, சுருதி ஏறுது.

நான் பிழைப்புக்கு எம்பெடட் புரோகிராமிங் பண்றவன். பார்த்த உடனே கை அரிச்சது. ஒவ்வொரு கம்பிக்கும் தனிப் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்குறது), பெடலுக்கு அடியில ஒரு சென்சார், நடுவுல ஒரு சிப். பெடல் எவ்வளவு இறங்குதோ அவ்வளவு சுருதியைச் சிப்பே ஏத்தட்டுமே. ரெண்டு கழுத்து வெச்ச ஸ்டீல், கேஸோட சேர்த்து முப்பது கிலோ தாண்டுமாம். அது பாதிக்கும் கீழே வந்துடும். எந்தப் பெடல் எந்தக் கம்பியை இழுக்கணும்கிறதை மாத்த ஸ்பேனர் வேண்டாம், ஒரு பட்டன் போதும்.

கார் என்ஜினே சிப்புக்கு வந்தாச்சு. இது மட்டும் ஏன் 1950களிலேயே நிக்குது? தொழில்நுட்பக் காரணம் இருக்கா, இல்ல கன்ட்ரி இசையோட ஊரான நாஷ்வில் பெரியவங்க பிடிவாதமா?

#2 மூணாங்கம்பி

தம்பி, நல்ல கேள்வி. கடைசி வரி மட்டும் தப்பு.

நான் டெக்சஸ்ல இருக்கேன். பதினோரு வருஷமா ஒரு பழைய பத்துக் கம்பி ஸ்டீலோட மல்லுக்கட்டுறேன். கச்சேரிக்காரன் இல்ல, ஞாயித்துக்கிழமைக்காரன். அதனால சொல்றதைக் கொஞ்சம் உப்புப் போட்டே எடுத்துக்குங்க.

முதல்ல பிடிவாதம். இந்த வாத்தியக்காரங்க மாதிரிப் புதுசுக்கு ஓடினவங்க கிட்டார் உலகத்துல கிடையாது. ஹவாயில ஜோசப் கெகுகுன்னு ஒரு பையன் 1889 வாக்குல மடியில கிடத்தின கிட்டார்ல இரும்புத் துண்டை உரசினதுல ஆரம்பிச்ச கதை இது. விற்பனைக்கு வந்து ஜெயிச்ச முதல் எலெக்ட்ரிக் கிட்டாரே 1932ல ரிக்கன்பேக்கர் போட்ட அலுமினிய 'வறுவல் சட்டி'தான். அதுவும் மடியில வெச்சு வாசிக்கிற ஸ்டீல். ஆல்வினோ ரேயும் பீட் டிரேக்கும் ஸ்டீலைப் 'பேச' வெச்சாங்க. டிரேக் 1964ல அதையே ஹிட்டாக்கினார். 1969ல ஸ்னீக்கி பீட் கிளைனோ, ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ் ரெக்கார்டுல ஃபஸ் (சத்தத்தைக் கரகரப்பாக்குற கருவி) போட்டு ஸ்டீலைக் கதற விட்டார். எழுபதுகள்ல கிட்டார்க்காரங்க வால்வு ஆம்ப்பைக் கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டிருந்தப்ப, ஸ்டீல்காரங்க பாதிப்பேர் டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்குப் போயாச்சு. பிடிவாதக்காரங்களா இவங்க?

இப்ப ராடு. உங்களை என்னமோ பண்ணுதுன்னு சொன்னீங்களே, அந்தச் சத்தத்துக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. வெப் பியர்ஸ் பாடின 'ஸ்லோலி', 1954 ஹிட். அதுல பட் ஐசக்ஸ் ஒரு வேலை பண்ணார். பெடல் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. ஆனா ஒரு கார்டுலேர்ந்து இன்னொரு கார்டுக்கு மாறத்தான் மிதிப்பாங்க. ஐசக்ஸ் கம்பி ஒலிச்சுக்கிட்டு இருக்கும்போதே மிதிச்சார். ரெண்டு கம்பி ஊர்ந்து மேலே போகுது, பக்கத்துக் கம்பி நின்ன இடத்துலயே நிக்குது. அந்த உரசல்தான் அழுகை. கேட்டவன் எல்லாம் அவனவன் ஸ்டீல்ல ராடு மாட்ட ஆரம்பிச்சான். அப்புறம் பட்டி எம்மன்ஸ், ஐசக்ஸ் ஒரே பெடல்ல வெச்சிருந்த அசைவை ரெண்டு பெடலாப் பிரிச்சார். இன்னிக்கு ஈ-9ங்கிற சுருதி அமைப்புல (சி-6 இன்னொண்ணு) ஏ பெடல், பி பெடல்னு சொல்றது அதுதான்.

ஏ பெடல் 5ஆம் கம்பியையும் 10ஆம் கம்பியையும் பி-லேர்ந்து சி ஷார்ப்புக்கு ஏத்தும். பி பெடல் 3ஐயும் 6ஐயும் ஜி ஷார்ப்லேர்ந்து ஏ-க்கு ஏத்தும். ரெண்டையும் ஒரே இடது பாதம்தான் பார்க்குது, கணுக்காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு. இதை ஸ்விட்ச் போடுறதுன்னு நினைச்சுடாதீங்க. பாதி மிதிச்சு நிறுத்தலாம், மிதிச்சதை மெல்ல விடலாம், ஒண்ணை ஏத்திக்கிட்டே இன்னொண்ணை இறக்கலாம். கம்பி விறைக்கிறது உள்ளங்கால்ல தெரியும். சிப்பு வெச்சா அந்தத் தெரியுறது எங்கே போகும்?

#3 கட்டைவிரல்

தலைவா, சிப்பு வெச்சா என்ன ஆகும்னு நான் சொல்றேன். நான் சென்னையில கீபோர்டு புரோகிராமிங் பண்றவன். ஒரு பிஸ்கட் விளம்பரம். டைரக்டர் 'டெக்சஸ் பண்ணை மாதிரி வேணும்'னார். ஊர்ல ஸ்டீல் வாசிக்க ஆள் கிடைக்கல. சாம்பிள் போட்டேன். ஒவ்வொரு சுரமும் நிஜ ஸ்டீல்ல ஒத்தையா ரெக்கார்டு பண்ணினது, சத்தம் தேன்.

கார்டு அமுக்கிட்டுப் சுருதியை வளைக்கிற பிட்ச் பெண்டு வீலைத் தள்ளினேன். மூணு சுரமும் சேர்ந்து மேலே போச்சு. டைரக்டர் ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு, "என்னங்க இது, டேப்பு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு"ன்னார். அப்பதான் மண்டையில ஏறிச்சு. ஒண்ணு ஏறணும், மத்தது நிக்கணும். மிடியில (கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற மொழி) பெண்டு ஒரு சேனலுக்கு ஒண்ணுதான். அதனால மூணு சுரத்தையும் மூணு டிராக்காப் பிரிச்சு, நடு டிராக்குல மட்டும் மௌஸ்ல கோடு வரைஞ்சேன். நாலு செகண்டு இசைக்கு ஒரு மத்தியானம் போச்சு. கோட்டை நேரா வரைஞ்சா ரோபோ. மெல்லக் கிளம்பி, நடுவுல வேகமாகி, முடிவுல தயங்கி நிக்கிற மாதிரி வளைச்சாதான் மனுஷன் கால் மாதிரி இருந்துச்சு.

பிஸ்கட் வித்துதான்னு தெரியாது. எனக்கு ஸ்டீல்காரங்க மேல மரியாதை வந்துச்சு.

#4 கோடெழுதி

@கட்டைவிரல், நீங்க சொன்ன தொல்லை பழைய மிடியோடது. 2018ல எம்பிஇ-ன்னு ஒரு முறையை அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டாங்க. அதுல ஒவ்வொரு சுரமும் தனிச் சேனல்ல போகும், ஒவ்வொண்ணுக்கும் தனி பெண்டு. பெண்டு மதிப்பு 14 பிட், அதாவது 16,384 படி. காலோட நுணுக்கத்தைப் பிடிக்க இது தாராளம்.

@மூணாங்கம்பி அண்ணா, வரலாறு அருமை. ஆனா என் கேள்விக்குப் பதில் வரல. சென்சார் ஸ்விட்ச் இல்ல, அதுவும் பாதி, கால்வாசி எல்லாம் காட்டும். உள்ளங்காலுக்குத் தெரியணும்னா ஒரு ஸ்பிரிங் வெச்சுடலாம். வேற என்ன தடை?

#5 இரவல்காது

எனக்கு ஒரு சின்ன சந்தேகம். சாதாரண கிட்டார்ல கண்ணாடிக் குழாய் மாட்டிச் சறுக்கினாலும் இப்படித்தானே கேட்குது? எதுக்கு இத்தனை பெடல்?

#6 மூணாங்கம்பி

@இரவல்காது: குழாய் சறுக்கினா அதுக்கு அடியில இருக்கிற எல்லாக் கம்பியும் கூட்டமா நகரும். கட்டைவிரல் வீலைத் தள்ளினப்ப ஆனது அதேதான். பெடல், கூட்டத்துல ஒருத்தனை மட்டும் தோளைத் தொட்டு எழுப்புது.

@கோடெழுதி தம்பி, சரி, தடைகளைச் சொல்றேன்.

ஒண்ணு, நேரம். ஈ-9ல அடிக் கம்பி பி, 123 ஹெர்ட்ஸ் சுத்து. ஒரு அலை முடியவே எட்டு மில்லிசெகண்டு ஆகும். சி-6 சுருதியில அடிக் கம்பி சி, 65 ஹெர்ட்ஸ், அதுக்குப் பதினஞ்சு. இது என்ன சுரம்னு சிப் முடிவு பண்ண ஒரு அலையாவது வேணும், ஒழுங்கா முடிவு பண்ண ரெண்டு. இதை ஒருத்தர் செஞ்சே பார்த்தாச்சு. எண்பதுகள்ல கனடாவோட ஐவிஎல் நிறுவனம் பெடல் ஸ்டீலுக்குன்னே 'ஸ்டீல்ரைடர்'னு ஒரு மிடி பெட்டி போட்டாங்க. சின்தசைசர் வயலினை ஸ்டீல்லேர்ந்து வாசிக்கலாம். கொஞ்ச நாள் ஆச்சரியமாப் பேசினாங்க. ஸ்டீல் ஸ்டீலாவே இருந்துச்சு.

ரெண்டு, பக்கத்துக் கம்பி. பத்துக் கம்பிக்குப் பத்துப் பிக்கப் வெச்சாலும் கம்பிக்குக் கம்பி ஒரு சென்டிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. அஞ்சாம் கம்பிப் பிக்கப்புல நாலாம் கம்பியும் கொஞ்சம் கேட்கும். சிப் அஞ்சாம் கம்பியை ஏத்தும்போது அந்த ஒட்டுக்கேட்ட நாலாம் கம்பியும் பேய் மாதிரிக் கூடவே ஏறும். சாதாரணக் கிட்டார்ல எல்லாக் கம்பியையும் ஒரே அளவுக்கு ஏத்தினா இது வெளியே தெரியாது. இங்கே நாலாம் கம்பி அசையாம நிக்கிறதுதான் வித்தையே. நிக்கிறவன் பக்கத்துலயே அவன் பேய் நடந்தா எப்படி இருக்கும்?

மூணாவது எனக்கு ரொம்ப முக்கியம். ராத்திரி பத்து மணிக்கு, வீட்ல எல்லாரும் தூங்கின பிறகு, ஆம்ப் இல்லாம வாசிப்பேன். வெறும் கம்பிச் சத்தம். உங்க வாத்தியத்துல வெறும் கம்பி பழைய சுருதியிலயே நிக்கும். காது ஒண்ணு கேட்கும், ஹெட்ஃபோன் ஒண்ணு சொல்லும்.

#7 பனிக்காற்று

வணக்கம் எல்லாருக்கும். நான் இஞ்ச டொரோண்டோவில லைவ் சவுண்ட் வேலை செய்யிறன். வாசிக்கிறவர் இல்லை, வாசிக்கிறவைக்கு வயர் இழுக்கிறவன்.

அண்ணை, நீங்கள் எல்லாம் சிப் வரேல்ல வரேல்ல எண்டு கதைக்கிறியள். என்ர மேசையில இருந்து பார்த்தால் அது எப்பவோ வந்திட்டுது. கம்பிக்கும் ராட்டுக்கும் கிட்டப் போகேல்ல, அவ்வளவுதான். ஜாக்கில வயர் குத்தின அடுத்த அங்குலத்தில இருந்து எல்லாம் டிஜிட்டல். டிலே, ரிவெர்ப், இப்ப ஆம்ப்பும்.

ஒரு விசித்திரம் சொல்லுறன். ஆம்ப் மாடலிங் (ஆம்ப்பின்ர சத்தத்தை டிஜிட்டலில நகல் எடுக்கிறது) எண்டு 1998ல லைன் 6 பாட் வந்ததில இருந்து கெம்பர், ஃபிராக்டல் வரைக்கும் ஆக்கள் மண்டையை உடைச்சது வால்வு கரகரக்கிறதைக் கொண்டுவரத்தான். ஸ்டீல்காரருக்கு அந்தக் கரகரப்பே வேண்டாம். அவைக்கு வேணும் எண்டது சுத்தமான சத்தம், நல்ல இடம், உடையாத பாஸ். வால்யூம் பெடலைப் பின்னால வைச்சுக் கம்பியைத் தட்டி, சத்தம் தேயத் தேயக் காலால முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போவினம். அதாலதான் அது வயலின் மாதிரி நீளுது. அதுக்கு ஆம்ப்பில கையிருப்பு வேணும். பழைய பீவி நாஷ்வில் 400 எண்டால் 15 அங்குல ஸ்பீக்கர், இருநூறு வாட். தூக்கினால் நாரி போயிடும். இப்ப கிளாஸ்-டி ஆம்ப் ஒரு கையில தொங்குது. என்ர நாரி டிஜிட்டலுக்கு ஓட்டுப் போடும்.

ஆனால் ஒருநாள் நடந்ததையும் சொல்லோணும். ஒரு வெளியரங்கு நிகழ்ச்சி. ஸ்டீல் வாசிக்கிறவர் ஆம்ப் கொண்டுவரேல்ல, மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி ஒண்டு மட்டும், நேர என்ர மேசைக்கு. மெதுவான பாட்டு. அவர் கம்பியைத் தட்டி வால்யூம் பெடலால இழுத்துக்கொண்டு போறார். மூண்டு செகண்டில சத்தம் கத்தியால வெட்டினது மாதிரி நிண்டிட்டுது. பிறகு தட்டினார், திருப்பி வெட்டு. பெட்டிக்குள்ள நாய்ஸ் கேட் (சத்தம் குறைஞ்சால் தானா மூடுற வாசல்) போட்டு இருந்தது, கிட்டாருக்குச் செய்த பிரீசெட். கிட்டாருக்கு அந்த இடத்தில சத்தம் முடிஞ்சுபோகும், கேட் மூடலாம். ஸ்டீலுக்கு அந்த இடத்திலதான் பாட்டே துவங்குது. அவர் மேடையில குனிஞ்சு மெனுவுக்குள்ள தேடுறார், பாடுற பிள்ளை இவரைப் பார்க்குது. நான் என்ன செய்யிறது? ரிவெர்பைக் கூட்டி ஓட்டையை மூடினன்.

#8 கோட்டு

இந்த இழையைச் சில நாட்களாக வாசித்து வருகிறேன். நான் சித்ரவீணை பயின்றவன். எங்கள் காலத்தில் கோட்டுவாத்தியம் என்போம். வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் கிடையாது, வலக்கையால் மீட்டி, இடக்கைக் கட்டையைத் தந்தியின் மேல் நகர்த்தி வாசிப்பது. எனவே ஹவாயில் தொடங்கிய இந்த வாத்தியத்தின் மேல் எனக்குப் பங்காளிப் பாசம் உண்டு. ஆனால் பங்காளி வேறு, அண்ணன் தம்பி வேறு. எங்கள் கட்டை ஒரு சுரத்தைப் பலவாறு அசைப்பதற்கு. அவர்களுடைய பெடல் பல சுரங்களில் ஒன்றை மட்டும் அசைப்பதற்கு. அவர்கள் கார்டுக்குள் வாழ்கிறார்கள், நாங்கள் சுருதிப் பெட்டிக்கு மேல்.

நான் கேட்க விரும்புவது ஒன்று. மெட்டும் இல்லை, பத்துக் கம்பி ஒரே சமயத்தில் ஒலிக்க வேண்டும் என்றால், எந்தக் காந்தாரத்துக்குச் சுருதி கூட்டுகிறார்கள்? கீபோர்டின் காந்தாரமா, தம்புராவில் தானாகப் பிறக்கிறதே, அந்த அந்தரக் காந்தாரமா? இரண்டுக்கும் நடுவே சுமார் 14 சென்ட் தூரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு நடுவே நூறு சென்ட்). இரண்டு கம்பியை ஒன்றாக மீட்டினால் எந்தக் காதும் அதைக் கண்டுபிடிக்கும்.

#9 மூணாங்கம்பி

ஐயா, கரெக்டா வலிக்கிற இடத்துல கை வெச்சிட்டீங்க. இந்த வாத்தியத்துக்குள்ள டிஜிட்டல் உண்மையிலேயே நுழைஞ்ச இடம் இதுதான்னு நான் நினைக்கிறேன். பனிக்காற்று சொன்ன ஆம்ப்பும் ரிவெர்ப்பும் அப்புறம்தான்.

ஈ-ஐ ஸட்ஜமா வெச்சுக்குங்க. ஜி ஷார்ப் காந்தாரம். பெரும்பாலான ஸ்டீல்காரங்க அதைக் கீபோர்டு காந்தாரத்தை விட 12, 13 சென்ட் இறக்கித்தான் வைப்பாங்க, ஏறக்குறைய உங்க தம்புராக் காந்தாரம். வேற வழியில்ல. ஸ்டீல் ரொம்ப நேரம் ஒலிக்கும், டிஸ்டார்ஷனும் இல்லாத சுத்தமான சத்தம், கொஞ்சம் முரண்டினாலும் அலையடிக்கும். முன்னாடி காதாலதான் வெச்சாங்க. மேடைக்குப் பின்னாடி டிரம்ஸ்காரன் தட்டிப் பார்த்துக்கிட்டிருக்கும்போது காதால பத்துக் கம்பி, மூணு பெடல், நாலஞ்சு முழங்கால் லீவர் எல்லாத்தையும் சுருதி கூட்டணும். ஒவ்வொரு பெடலோட ஒவ்வொரு இழுப்புக்கும் கடைசியில ஒரு நைலான் நட்டு இருக்கும், அதைத் தனியா முறுக்கணும்.

இப்ப தலைவலி. எஃப் ஷார்ப், அதாவது உங்க சதுச்ருதி ரிஷபம். பி கார்டுல அது பஞ்சமம், அங்கே 9/8 ரிஷபம் (ஸட்ஜத்தோட அதிர்வுல 9/8 மடங்கு) வேணும், கீபோர்டை விட 4 சென்ட் மேலே. ஏ பெடலை மிதிச்சதும் பி சி ஷார்ப் ஆகுது. அந்த சி ஷார்ப்போட சேரணும்னா அதே எஃப் ஷார்ப் 10/9 ரிஷபமா இருக்கணும், கீபோர்டை விட 17, 18 சென்ட் கீழே. ஒரே கம்பி, நடுவுல இருபத்தோரு சென்ட் சொச்சம். எங்கே வெச்சாலும் ஒரு கார்டு கசக்கும்.

நான் ரெண்டு வருஷம் என் காதைத்தான் திட்டினேன். ஒருநாள் ஸ்ட்ரோப் ட்யூனர் ஒண்ணு வாங்கினேன், 0.1 சென்ட் வரை காட்டுற ரகம். ஏ பெடல் இல்லாம எஃப் ஷார்ப்பைப் பார்த்தேன், எழுதினேன். மிதிச்சுக்கிட்டு, கார்டு இனிக்கிற வரைக்கும் கம்பியை இறக்கிப் பார்த்தேன், எழுதினேன். காகிதத்துல ரெண்டு எண். கணக்கு சொன்ன அதே தூரம். என் காது சரியாத்தான் இருந்திருக்கு. அன்னிக்கு ஒரு பீர் குடிச்சேன்.

இன்னொண்ணும் ட்யூனர் காட்டிக்கொடுத்துச்சு. பெடலை மிதிக்கும்போது பெட்டியே ஒரு மயிரிழை வளையும். அதுல மிதிக்காத கம்பிகளும் சில சென்ட் இறங்கும். காதுக்கு 'ஏதோ சரியில்ல'ன்னு மட்டும் தெரிஞ்ச விஷயம் முள்ளுல தெரிய ஆரம்பிச்சதும், வாங்குறவங்க 'உங்க பெட்டி எத்தனை சென்ட் இறங்கும்?'னு கேட்க ஆரம்பிச்சாங்க. இப்ப ட்யூனர் கம்பெனிகளே ஈ-9க்கும் சி-6க்கும் தனித்தனியா 'இனிப்புச் சுருதி' அட்டவணை போட்டு விக்கிறாங்க.

எஃப் ஷார்ப்புக்குத் தீர்வு என்ன பண்ணாங்க தெரியுமா? ஏ பெடலை மிதிச்சா எஃப் ஷார்ப் கம்பி துளி இறங்குற மாதிரி இன்னொரு ராடு மாட்டினாங்க! ட்யூனர் சிக்கலைக் காட்டுச்சு, இரும்பு அதைத் தீர்த்துச்சு.

#10 கோட்டு

ஒரே பெடலில் ரிஷபத்துக்கு ஒரு கமா (அந்த இருபத்தோரு சென்ட் சொச்சம்) இறக்கம்! எங்கள் ஆட்கள் இருபத்திரண்டு சுருதி உண்டா இல்லையா என்று மேடை போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். அங்கே ஒரு மெக்கானிக் சத்தமில்லாமல் ஒரு ராடை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். மிக்க நன்றி.

#11 கோடெழுதி

அண்ணா, மன்னிக்கணும், இந்த உதாரணம் எனக்குத்தான் சாதகம். ஒரு கமா இறக்க இன்னொரு ராடு. இன்னொரு கார்டுக்கு இன்னொரு ராடு. இதைத்தான் நாங்க மென்பொருள்ல ஒரு வரி அட்டவணையில எழுதுவோம்: ஏ பெடல் கீழே இருந்தா எஃப் ஷார்ப் மைனஸ் 21.5. முடிஞ்சது.

ஆனா நேர்மையாச் சொல்றேன், #6ல நீங்க சொன்ன பேயை நான் கண்டேன். வார இறுதியில நண்பனோட கிட்டார்ல ரெண்டு கம்பியைத் தனித்தனிப் பிக்கப்புல பதிவு பண்ணி, ஒண்ணை மட்டும் கம்ப்யூட்டர்ல ஒரு முழுச் சுரம் மெல்ல ஏத்தினேன். தனியாக் கேட்டா பிரமாதம். ரெண்டையும் சேர்த்தா பின்னாடி மெல்லிசா ஒரு ஊளை. முதல்ல புரோகிராம் தப்புன்னு நினைச்சு மூணு மணி நேரம் தேடினேன். தப்பு எங்கேயும் இல்ல. பக்கத்துக் கம்பியோட ஒட்டுக்கேட்டல்தான்.

நகத்தால தட்டுற 'டிக்' சத்தமும் சேர்ந்து ஏறுது. நிஜக் கம்பியில சுருதி ஏறினாலும் தட்டுற சத்தமும் பிக்கப்போட சொந்தக் குணமும் இருந்த இடத்துலயே இருக்கும்போல. நான் மொத்தப் பதிவையும் இழுத்தேன், எல்லாம் சேர்ந்து வந்துடுச்சு.

இதெல்லாம் சரி பண்ண முடியாததுன்னு சொல்லல. ஒரு வார இறுதியில முடியாது, அவ்வளவுதான்.

ஒரு கேள்வி பாக்கி. ஈ-9க்கு ஒரு கழுத்து, சி-6க்கு ஒரு கழுத்துன்னு ரெண்டைத் தூக்கிக்கிட்டு அலையுறாங்களே, அதையாவது பட்டன்ல மாத்தலாம் இல்லையா?

#12 மூணாங்கம்பி

அதுக்கும் இரும்பாலேயே பதில் சொல்லிட்டாங்க தம்பி. பன்னிரண்டு கம்பி 'யுனிவர்சல்'. ஒரு முழங்கால் லீவரை அமுக்கினா ஈ-க்கள் ஈ ஃபிளாட் ஆகும், மொத்த வாத்தியமும் பி-6 ஆயிடும், சி-6ஓட குணம் வந்துடும். சிலர் அந்த லீவர்ல ஒரு கொக்கி வெச்சு மாட்டி விட்டுடுவாங்க. உங்க பட்டன்தான், கிளிக்குனு சத்தம் வரும்.

நான் டிஜிட்டலுக்கு எதிரி இல்ல. நான் கத்துக்கிட்டதே அதாலதான். பழைய ஆளுங்க 33 சுத்து ரெக்கார்டை 16ல ஓட்டிக் கேட்பாங்களாம். வேகம் பாதி, சுருதி ஒரு ஸ்தாயி கீழே. நாஷ்வில் ஸ்டீல்காரர் லாய்ட் கிரீன் வாசிச்ச வரியை யானை பிளிறுற மாதிரிக் கேட்டுக் கத்துக்கணும். எனக்கு மென்பொருள்ல வேகம் மட்டும் குறையும், சுருதி நிக்கும். அப்படி மெதுவாக்கிக் கேட்கும்போதுதான் ஏ பெடல் முழுசா இறங்குறதுக்கு முன்னாடியே பி பெடல் கிளம்புதுன்னு தெரிஞ்சுது. முழு வேகத்துல அது வெறும் பெருமூச்சு மாதிரிதான் கேட்கும்.

கம்பி அறுறதைப் பத்தி நீங்க ஏன் இன்னும் கேட்கலன்னு ஆச்சரியமா இருக்கு. அதுல நீங்க ஜெயிப்பீங்க. என் பேரு அதுலேர்ந்து வந்ததுதான். மூணாங்கம்பி 0.011 அங்குல இரும்பு, ஜி ஷார்ப்ல ஏற்கெனவே விறைச்சு நிக்குது, பி பெடல் அதை மேலும் இழுக்குது. சேஞ்சர்ல (ராடு வந்து கம்பியை இழுக்கிற பாகம்) அது வளையுற இடத்துலயே பட்டுனு போகும். எப்பவும் பாட்டு நடுவுலதான்.

#13 பனிக்காற்று

நீங்கள் எல்லாரும் பழைய நாஷ்வில் சத்தத்தைக் காப்பாத்துற கதையைத்தான் கதைக்கிறியள். வேற சத்தம் வேணும் எண்டவையும் இருக்கினம். 1983ல பிரையன் ஈனோ 'அப்பல்லோ' செய்தபோது டேனியல் லன்வா ஸ்டீலை விண்வெளிக்குக் கொண்டுபோனார். சந்திரனில நடந்த ஆக்களின்ர படத்துக்கு கன்ட்ரி வாத்தியம்! கேட்டால் ஒரு சொட்டு மாட்டுச் சாணி வாசமும் இல்லை. 2000ல இங்கிலாந்துக்காரர் பி.ஜே. கோல், லூக் வைபர்ட் எண்ட எலெக்ட்ரானிக் இசைக்காரரோட ஒரு முழு ஆல்பமே செய்தார். சாம்பிளரும் ஸ்டீலும் பக்கத்தில பக்கத்தில. ராடு அப்பிடியேதான் இருந்தது. சத்தம் போய் நிண்ட இடம்தான் மாறினது.

நான் இப்ப மிக்ஸ் செய்யிற பெடியனும் அப்பிடித்தான். லூப் பெடலில நாலு கார்டை அடுக்கிப்போட்டு மேல ஊருறான். கன்ட்ரிப் பாட்டு ஒண்டும் அவனுக்குத் தெரியாது. கூட்டத்தில தாத்தாமாரும் அழுகினம், பச்சைத் தலைமயிர்ப் பிள்ளையளும் அழுகினம்.

#14 கட்டைவிரல்

எனக்கு ஒரு ஐடியா. கோடெழுதி தலைவா, நீங்க ஸ்டீலை மாத்தாதீங்க, விடுங்க. ராட்ல சென்சாரை ஒட்டுங்க. சத்தம் கம்பியே போடட்டும். கால் எப்படி அசையுதுங்கிறது மட்டும் எம்பிஇ-யா வெளியே வரட்டும். நான் மௌஸ்ல ஒரு மத்தியானம் முழுக்க வரைஞ்சேனே, அந்த வளைவு எனக்கு நிஜக் கால்லேர்ந்து வேணும். மூணாங்கம்பி அண்ணன் பத்து நிமிஷம் வாசிச்சு அனுப்பினா போதும், நான் பத்து விளம்பரம் பண்ணிடுவேன்.

#15 கோடெழுதி

இது பண்ணலாம்! நேரத் தொல்லை இல்ல, ஏன்னா சுருதியைக் கண்டுபிடிக்கவே வேண்டாம், பெடல் நிலையை மட்டும் படிச்சா போதும். பேயும் இல்ல, சத்தத்தைத் தொடவே மாட்டோமே. ஒரு சின்னக் காந்தம், அது அசையுறதை உணர ஒரு ஹால் சென்சார், ஒரு போர்டு. செலவு ஆயிரம் ரூபாய்க்குள்ள.

அண்ணா, ரெண்டு விவரம் வேணும். பெடல் மிதிக்கும்போது அடியில எந்தப் பாகம் சுத்துது, எது நேரா நகருது? காந்தம் ஒட்ட இடம் இருக்கா? துளை போடச் சொல்ல மாட்டேன்.

#16 மூணாங்கம்பி

துளை போட்டா இந்த இழையே கொலை வழக்கா மாறியிருக்கும். இப்பத்தான் கவிழ்த்துப் பார்த்துட்டு வர்றேன்.

பெடல்லேர்ந்து ஒரு செங்குத்து ராடு மேலே வந்து குறுக்குத் தண்டைச் சுத்துது. தண்டுல பெல் கிராங்க், அதுலேர்ந்து இழுப்பு ராடு சேஞ்சருக்கு நேராப் போகுது. சுத்துறது தண்டு, நகருறது ராடு. தண்டோட முனை பெட்டியோட முன் பலகை வரைக்கும் வருது. அங்கே கம்மல் அளவுக்கு ஒரு காந்தம் ஒட்ட இடம் இருக்கு, ரெட்டை ஒட்டு டேப் போதும். சுத்துறது முழு வட்டமெல்லாம் இல்ல, கொஞ்சூண்டு கோணம்தான், அதனால சென்சார் அதுக்குத் தகுந்தது பாருங்க.

ஒரு எச்சரிக்கை. ஏ பெடல் ரெண்டு கம்பியை இழுக்குது. அடிக் கம்பி தடிமன், மேல் கம்பி மெல்லிசு, ரெண்டும் ஒரே வேகத்துல ஏறாது. என் பெட்டியில பத்தாம் கம்பி கொஞ்சம் முந்திக்கும், அஞ்சாம் கம்பி அப்புறம் வந்து சேரும். தண்டு ஒரே கோணம்தான் சொல்லும். ரெண்டுக்கும் தனித்தனி வளைவு நீங்க அளந்து எடுக்கணும். ட்யூனரை வெச்சு அஞ்சஞ்சு சென்டா நான் எழுதி அனுப்புறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க, மூணாங்கம்பி ஒண்ணுதான் கையிருப்புல இருக்கு.